பதவி நீக்க மனுவில் நான் செய்யாத சத்தியம்

என் பெயர் தியோடோரோ பலிங்கிட், வயது 54, தகப்பனார் பெயர் எஸ்தெபான் பலிங்கிட், காலமாகிவிட்டார். மரிக்கினா நகரம், மலினாவ் பேட்டை, ஆற்றோரத் தெரு, 16ஆம் எண் வீட்டில் மனைவி லூர்தித்தாவுடன் வசித்து வருகிறேன். இருபத்து மூன்று வருடமாக, மோட்டார் சைக்கிளில் பக்கவண்டி கட்டி ஆள் ஏற்றும் டிரைசைக்கிள் ஓட்டுகிறேன். சந்தை முனையில் உள்ள எண்பத்து நான்கு வண்டிகளின் சங்கத்துக்கு ஆறு வருடம் தலைவராக இருந்திருக்கிறேன். என் மேல் வழக்கு எதுவும் கிடையாது. தலைக்கவசம் போடாததற்கு இரண்டு தடவை தண்டம் கட்டியது உண்டு, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்று பிப்ரவரி 9ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்றும் சார்ஜென்ட் மாரிவிக் துமாலா அவர்கள் எனக்குப் புரியும்படி சொன்னார். ஒரு வக்கீலால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், இன்னொருவர் வேண்டாம் என்றேன். அது முறையாகாது என்று சொல்லி அரசு வக்கீல் ஒருவரை வரவழைத்தார். அவர் முன்னிலையில்தான் இதைச் சொல்கிறேன்.

சென்ற அக்டோபர் புயலில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். அரசாங்க நிவாரண அரிசி மூன்றாம் நாளே பக்கத்துக் கிடங்குக்கு வந்துவிட்டது, லாரிகளை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அரிசி எங்களுக்கு வரவில்லை. ஆறாம் நாள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய்க் கேட்டேன். "ஜனாதிபதி படம் போட்ட பை இன்னும் அச்சாகி வரல அண்ணே, அதுல போட்டுத்தான் குடுக்கணுமாம், மேல இருந்து உத்தரவு" என்று காவலாளி சொன்னார். அதன் பிறகு பன்னிரண்டாம் நாள் பை வந்தது. பையில் படம் பளிச்சென்று இருந்தது, உள்ளே அரிசி புழுங்கிப் போயிருந்தது. என் மனைவி அதை ஏழு தண்ணீரில் கழுவினாள், அப்படியும் நாற்றம் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தைகளுக்கு நாங்கள் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைத்தான் கொடுத்தோம்.

அதன் பிறகு ஜனவரி 14ஆம் தேதி காலை பத்து மணி இருக்கும், சில்வேரியோ கியம்பாவ் என்ற வக்கீல் எங்கள் வண்டி நிறுத்தத்துக்கு வந்தார். ஜனாதிபதியைப் பதவி நீக்கம் செய்யப் பிரதிநிதிகள் சபையில் மனுப் போடப் போவதாகவும், ஆதரித்துக் கையெழுத்துப் போட ஒரு சபை உறுப்பினர் தயாராக இருப்பதாகவும், மனுதாரராகச் சாதாரண குடிமகன் ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். "எங்களை மாதிரி வக்கீலுங்க போட்டா அரசியல்னு சொல்லிடுவாங்க. நீங்க போட்டா அது ஜனங்க குரல், தலைவரே" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. அரிசியைப் பற்றித்தானே என்று கேட்டேன், எல்லாம் இருக்கிறது என்றார். கடைசித் தாளை மட்டும் நீட்டினார். என் வண்டி இருக்கையின் மேல் வைத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலையும் கொடுத்தேன். ஒரு பெசோவும் வாங்கவில்லை.

மனுவில் உள்ளது அத்தனையும் உண்மை என்று மனுதாரர் நோட்டரி வக்கீல் முன்னால் நின்று, கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது சட்டம். நான் போகவில்லை. நோட்டரியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கியம்பாவ் சொன்னார், சரி என்றேன். எங்கள் ஊரில் வீட்டு வாடகைப் பத்திரம், வண்டி விற்ற பத்திரம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பத்திரம் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. ஆள் ஒரு பக்கம் இருப்பான், காகிதம் மட்டும் போய் முத்திரையோடு திரும்பி வரும். அதே வழக்கத்தில் ஜனாதிபதி விஷயத்திலும் இருந்துவிட்டேன், அது என் தப்பு. மனுவின் கடைசிப் பக்கத்தில் "என் முன் நேரில் தோன்றிச் சத்தியம் செய்தார்" என்று இருக்கிறது. நான் தோன்றவும் இல்லை, சத்தியம் செய்யவும் இல்லை. அந்த நோட்டரி ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பத்திரிகையில் என் பெயரும் படமும் வந்தது. சங்கத்துக்காரர்கள் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். மனைவி பன்சித் நூடுல்ஸ் கிளறித் தெருவுக்கே கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு மேல் நான் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டு வண்டி எடுத்தேன்.

அதன் பிறகு பிப்ரவரி 4ஆம் தேதி, எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நெனித்தா அகோன்சில்யோ என்ற பெண்மணி நிறுத்தத்துக்கு வந்து என் வண்டியில் ஏறினார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன், போய்க்கொண்டே இருங்கள் என்றார். பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிப் பேசினார்.

"அண்ணே, நீங்க போட்ட மனுவ நீங்க படிச்சீங்களா?"

"கையெழுத்துப் போட்டேன்."

"அதக் கேக்கல."

அவர் ஒரு நகலை என் கையில் கொடுத்தார். நாலே பக்கம். ஜனாதிபதி கொடியேற்றத்தில் தேசிய கீதத்தின் ஒரு வரியைத் தப்பாகப் பாடினார் என்றும், ஒரு கல்யாணத்துக்கு ஹெலிகாப்டரில் போனார் என்றும் அதில் இருந்தது. அரிசி என்ற சொல்லே இல்லை. அதன் பிறகு அவர் விளக்கினார். ஒரு ஜனாதிபதி மேல் வருடத்துக்கு ஒரு பதவி நீக்க மனுவைத்தான் எடுக்கலாம், முதலில் சபையின் நீதிக்குழுவுக்குப் போனது எதுவோ அதுதான் கணக்கு. நெனித்தாவும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த மற்றப் பெண்களும் கிடங்குப் பதிவேட்டு நகல், புகைப்படங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் சாட்சியம் எல்லாவற்றோடும் முந்தின நாள் சபைக்குப் போயிருக்கிறார்கள். தியோடோரோ பலிங்கிட் மனு ஏற்கெனவே நீதிக்குழுவில் இருக்கிறது, அடுத்த வருடம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தள்ளுபடி ஆவதற்கென்றே எழுதிய மனு அது. ஜனாதிபதிக்கு ஒரு வருடம் குடை பிடிக்க என் பெயரை எடுத்திருக்கிறார்கள்.

"அடுத்த வருஷம் அந்தப் பதிவேடு இருக்கும்னு நெனக்கிறீங்களா?" என்று நெனித்தா கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மனுவை வாபஸ் வாங்கட்டுமா என்றேன். வாங்கினாலும் போட்டது போட்டதுதானாம். சத்தியமே நடக்கவில்லை என்றால்தான் அது மனுவே இல்லை என்று வாதாட முடியும், ஜெயிக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்று அவர்கள் வக்கீல் சொன்னதாகச் சொன்னார்.

அதன் பிறகு நான் கியம்பாவ் அலுவலகத்துக்குப் போனேன். அவர் காபியில் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஜனாதிபதி மேலயே புகார் குடுத்த ஆளுன்னு ஊரே உங்கள மதிக்குது. அந்தப் பேர நீங்களே கெடுத்துக்குவீங்களா? சத்தியம் பண்ணலன்னு வெளிய சொன்னா மொதல்ல உள்ள போறது நீங்கதான் தலைவரே" என்றார். நீங்களும் வாருங்கள், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "பேப்பர்ல பேரு வந்தப்ப தலகால் தெரியாம ஆடினீங்க. இப்பவும் பேரு வரும். இது உங்க பேரு, போய்ட்டு வாங்க" என்றாள்.

அதன் பிறகு இன்று காலை ஒன்பது மணிக்குச் சங்கக் கூட்டம் கூட்டினேன். எழுத்தில் பொய் சொன்ன தலைவரை ஓட்டுப் போட்டு இறக்கலாம் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவனே நான்தான். எனக்கு முன்னால் தலைவராக இருந்த கிரிஸ்புலோ, வரிசையில் நிற்காமல் தன் வண்டிக்கு முதலில் ஆள் ஏற்றி, ஏட்டில் மாற்றி எழுதினார். அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஆனாலும் நான்தான் முன்னால் நின்று அவரை இறக்கினேன். அதனால் வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் வண்டிகள் ஓடின, அவரும் வரிசையில் நின்று ஓட்டினார். இன்று என்னை இறக்க ஓட்டுக் கேட்டேன். எழுபத்தொரு பேர் வந்திருந்தார்கள், ஐம்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. உயர்த்தாதவர்களில் கிரிஸ்புலோவும் ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உன்னை இறக்கினவன் நான், இன்னும் என்ன யோசனை என்று கேட்டேன். "என்னை இறக்கினப்ப நான் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கிட்டேன். நீ உன்னையே இறக்கச் சொல்லி நிக்கிற. எனக்குக் கை வர மாட்டேங்குது" என்றார். ஓட்டு ஓட்டுதான் என்று சொல்லிச் சாவியையும் ஏட்டையும் ஒப்படைத்தேன். எங்கள் சங்கத்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜனாதிபதி நீக்கப்பட வேண்டும் என்பது உங்கள் கருத்தா என்று சார்ஜென்ட் கேட்டார். நீக்குவதும் வைப்பதும் செனட் வேலை. பன்னிரண்டாம் நாள் வரை அரிசி ஏன் கிடங்கில் இருந்தது என்று அவரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும், அதற்கு நான் குறுக்கே கிடக்க மாட்டேன் என்று சொன்னேன். இதனால் சிறைக்குப் போக நேரும், வண்டி உரிமமும் போகும் என்று தெரியுமா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தெரியும் என்றேன். ஏமாற்றப்பட்டேன் என்று சேர்த்துக்கொள்ளலாமே என்று அரசு வக்கீல் சொன்னார். கியம்பாவ் ஏமாற்றியது அரிசி விஷயத்தில். நோட்டரியிடம் போகாதது நானாகச் செய்தது, ஆகவே சேர்க்க வேண்டாம் என்றேன்.

நீதிக்குழு நாளை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அதற்குள் இதன் நகல் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் என் கோரிக்கை. என்னை எப்போது வேண்டுமானாலும் கைது செய்துகொள்ளலாம், நான் இந்த பெஞ்சிலேயே இருக்கிறேன்.

இதில் உள்ளவை நான் சொன்னவை, நடந்தவை. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஆறு பக்கத்தையும் நானே வாய்விட்டு வாசித்து, சார்ஜென்ட் துமாலா அவர்கள் முன் நேரில் நின்று சத்தியம் செய்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தியோடோரோ பலிங்கிட்
சங்கத்தின் முன்னாள் தலைவர்