பலகையில் இரண்டு தட்டு

உங்கள் ஸ்டேஷன் சாயாவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

கொச்சி கொச்சங்காடியில் எங்கள் மிளகுக் கிடங்கின் மாடித் தரையில் ஒரு சதுர ஓட்டை உண்டு. அதன் வழியே மூட்டையைக் கீழே போடுவார்கள். போடுமுன் மேலே இருப்பவர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கீழே நிற்பவர் "வரட்டே" என்றால்தான் மூட்டை வரும். ஆளைக் குறைக்கிறேன் என்று மேனேஜர் ரமேஷ்பாபு அந்தக் கீழ் ஆளை எடுத்துவிட்டார். எட்டாம் நாள், லாரிச் சத்தத்தில் தட்டு காதில் விழாமல், என் கணவர் முத்துவேல் அடியில் போய் நின்றார். பிணமாகத்தான் எடுத்தோம்.

விசாரிக்க வந்த நிபுணர் வட்டமும் அம்புமாகப் படம் வரைந்தார். எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது, ஒருவரைப் பிடித்துக் குறை சொல்ல முடியாது என்றார். ரமேஷ்பாபுவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "ஆரையும் குத்தம் சொல்லண்டாம் சேச்சி. இது சிஸ்டத்தோட தப்பாக்கும்" என்றார். அந்த நிமிடமே அவரை வெறுத்தேன். அவரோ எனக்கு ஆபீசில், ஆட்களைப் பிரித்து அனுப்பும் வேலை போட்டுக் கொடுத்தார்.

அந்தப் படத்தை நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். விபத்துக்குப் பிறகு பழைய ஓட்டையை மூடி, வேறிடத்தில் புதிதாக வெட்டியிருந்தார்கள். மழைச் சாரல் அடிக்கிறதென்று வருகைப் பதிவு மெஷினை, மூடிய ஓட்டைக்கு நேர் கீழே மாட்டச் சொன்னேன். ஐந்து மாதம் கழித்து, லாரிகள் காத்துக் கிடக்கின்றன என்று பழையதையும் திறக்க எழுதினேன். இரண்டிலும் ரமேஷ்பாபுவே கையெழுத்துப் போட்டார். இரண்டு தாளையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தட்டும் வழக்கம் தெரியாத புது ஆட்களை மாடிக்கு அனுப்பினேன். ஓட்டையைக் காலை ஒன்பதுக்குத் திறக்கச் சொன்னேன். அவர் விரல் வைக்கும் நேரம் அது.

அன்றைக்கு அவருக்கு முன்னால் சுமா நின்றாள், பெருக்கும் பெண். முதல் மூட்டை அவள் மேல் விழுந்தது. அவளைத் தூக்க ரமேஷ்பாபு ஓடினார். அவர் அப்படி ஓடுவார் என்று நான் எண்ணவே இல்லை. இரண்டாவது மூட்டை அவர் மேல் விழுந்தது. இருவருமே பிழைக்கவில்லை. நான் மாடிப்படியில்தான் நின்றேன். மேலே இருந்தவர்களிடம் "நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

வெளியே அழுகிறானே, ஷிபு, சுமாவின் கணவன். அவனிடம் நானே பேசுகிறேன், சார். ஆரையும் குத்தம் சொல்லண்டாம் என்று பக்குவமாகச் சொன்னால் அவனுக்குப் புரியும்.