மூன்றாவது வளைவுக்குப் பிறகு விளக்கு தெரியவில்லை

பெயர்: ஃபர்ஸானா. தகப்பனார் பெயர்: நாகூர் மீரான் (காலமானார்). வயது: 48. தொழில்: கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளர். இருப்பிடம்: செம்பூர், மும்பை. நாள்: 6 ஆகஸ்டு 2025.

மேற்படி முகவரியில் நான் தனியாக வசித்து வருகிறேன். எனக்கு மராத்தி பேச வரும், எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். சென்ற வாரம் போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலம் என்று எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட மராத்தித் தாளில் "பின்னால் என்ன நடந்தது என்று நான் கவனிக்கவில்லை" என்ற வரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை என்பதால் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே இதை என் கைப்படத் தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் சுருக்க வேண்டாம்.

சஃபீனா என் தங்கை, வயது 41. அவள் கணவர் ஷாகிர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சஃபீனா மூன்று வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, சொந்தப் பணத்தில் வண்டி வாங்கினாள். மழைக்காலத்தில் ரயிலில் கோலாப்பூர் போய் அங்கிருந்து ககன்பாவ்டா மலையில் வண்டியில் சுற்றுவது என்று அவளும் நானும் மட்டும்தான் முதலில் திட்டமிட்டோம். இரண்டு பெண்கள் தனியாகப் போவது சரியில்லை என்று சொல்லி ஷாகிர் தன் வண்டியோடு சேர்ந்துகொண்டார். அவரை யாரும் அழைக்கவில்லை.

ஜூலை 18 அன்று இரண்டு வண்டிகளையும் நாங்கள் போகும் ரயிலிலேயே பார்சலில் ஏற்றினோம். ஸ்டேஷனில் இருக்கும் ஆட்கள் கண்ணாடியை வண்டியிலேயே விட்டு வைக்கோல் வைத்துச் சாக்கு சுற்றுவார்கள். ஷாகிர் அதற்கு ஒப்பவில்லை. அவர் பட்டறையில் வெளியூருக்குச் சரக்கு அனுப்பும்போது நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் கழற்றித் தனியாகச் சுற்றித்தான் அனுப்புவார்கள். அதே வழக்கப்படி இரண்டு வண்டிகளின் பக்கக் கண்ணாடிகள் நான்கையும் அவரே கழற்றி, தோல் பைக்கு உள்ளே தைக்கும் சிவப்பு லைனிங் துணியில் சுற்றி, "மைனி கையிலன்னா ஒடையாது" என்று என்னைக் காட்டிச் சொல்லி என் முதுகுப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை கோலாப்பூரில் வண்டிகளை இறக்கினோம். பலத்த மழை. சாக்கைக் கிழித்து, பெட்ரோல் ஊற்றிய பிறகு சஃபீனா கண்ணாடிகளை மாட்டச் சொன்னாள். ஷாகிர் ஸ்பானரைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, "கண்ணாடி எதுக்கு, மூஞ்சி பாக்கவா? ஊருக்குப் போயி மாட்டிக்கலாம்" என்றார். அதன் பிறகு, பின்னால் வரும் வண்டி தெரியாது என்பதால், முன் வண்டியில் உட்காரும் நான் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்ப்பது, சஃபீனாவின் விளக்கு தெரியாவிட்டால் ஷாகிர் வண்டியை நிறுத்துவது என்று மூவரும் பேசிக்கொண்டோம். அவர் இதற்குச் சம்மதித்தார்.

பதினொன்றரை மணி அளவில் ககன்பாவ்டாவில் டீ குடித்தோம். அங்கே சஃபீனா என்னிடம், "லாத்தா, அடுத்த தடவ நம்ம ரெண்டு பேரு மட்டும் வருவோம், பாடிகார்ட் வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். ஷாகிர் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அதன் பிறகு மலை இறக்கம். மூடுபனியில் சாலையோரத்து வெள்ளைக் கற்கள் இரண்டுக்கு மேல் தெரியவில்லை. முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன், விளக்கு தெரிந்தது. இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவதில் மங்கலாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை. நான் ஷாகிரின் தோளைத் தட்டி விளக்கு இல்லை என்றேன். அவர் நிறுத்தவில்லை. அடுத்த வளைவில் மறுபடியும் தட்டிச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பாமல், "தனியாப் போகணும்னுதான சொன்னா. கொஞ்சம் தனியா ஓட்டிப் பாக்கட்டும்" என்றார். இந்த வார்த்தைகளில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

மூன்றாவது முறை நான் தட்டவில்லை. வண்டியின் வேகம் முப்பதைத் தாண்டவில்லை. நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அடிவாரத்துக் கடையில் நாங்கள் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று நான் இரண்டு முறை கேட்டதற்கு, அவள் வீம்புக்கு மெதுவாக வருகிறாள் என்றார். இரண்டு பிளேட் பஜ்ஜி சாப்பிட்டார். அதன் பிறகு மேலிருந்து வந்த ஒரு பால் வண்டிக்காரர், மஞ்சள் ரெயின்கோட் போட்ட அம்மா உங்களோடு வந்தவரா என்று கேட்டார். சஃபீனா நான்காவது வளைவில் சரளையில் சறுக்கி விழுந்து, வண்டி இடுப்பின் மேல் கிடக்க, அவர் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறாள்.

அவளுக்கு இதுவரை மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்துள்ளன. டீக்கடைக்குப் பிறகு எதுவும் நினைவில்லை என்கிறாள். கவனக்குறைவாக வண்டி ஓட்டியதாக அவள் பேரிலேயே வழக்குப் பதிவாகப் போகிறது என்றும், அதற்கு ஆதாரம் ஷாகிரின் வாக்குமூலம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. சஃபீனா கோபத்தில் வேண்டுமென்றே பின்தங்கிப் பிறகு வேகமாக ஓட்டினாள் என்றும், அவளுடைய விளக்கை அவர் கடைசி வளைவுவரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார் என்றும் அதில் இருக்கிறது.

ஆகஸ்டு 3, ஞாயிற்றுக்கிழமை மாலை ஷாகிர் என் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாத்தான் கேஸ் முடியும் மைனி. நீங்க ஒண்ணும் பாக்கலன்னு சொல்லுங்க, அது போதும்" என்றார். அவளுடைய விளக்கு கடைசி வளைவுவரை தெரிந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கண்ணாடில பாத்துட்டேதான வந்தேன்" என்றார். டீ கொடுத்தேன், குடித்தார். வாசலில் செருப்பைப் போடும்போது, என் முதுகுப்பை எங்கே, வார் பிய்ந்திருந்ததே, பட்டறையில் தைத்துத் தருகிறேன் என்றார். வார் பிய்யவில்லை. பையைத் துவைக்கக் கொடுத்துவிட்டேன் என்றேன். அது பொய். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வண்டியில் இரண்டு புதுக் கண்ணாடிகள் இருந்தன. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. எந்தத் தேதியில், எந்தக் கடையில் வாங்கினார் என்று அவரைக் கேட்கவும்.

அதன் பிறகு, ஊருக்கு வந்த நாளிலிருந்து திறக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை வெளியே இழுத்துத் திறந்தேன். ஈரத்துணி நாற்றம் அடித்தது. கண்ணாடிகள் நான்கும் சிவப்புத் துணியில் சுற்றியபடியே, அவர் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தன. அந்த மலையிலிருந்து இறங்கிய நேரம் முழுவதும் அவை என் முதுகில்தான் இருந்திருக்கின்றன. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அப்படியே இத்துடன் ஒப்படைக்கிறேன். ரசீது வேண்டும்.

நேற்று மருத்துவமனையில் சஃபீனா, "லாத்தா, நீங்க திரும்பிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

இதில் எழுதியிருப்பவை நான் கண்டவை, காதால் கேட்டவை, செய்யாமல் விட்டவை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. முழுவதும் ஒருமுறை படித்துப் பார்த்தேன், திருத்த எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் ஷாகிரை எதிரில் நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
ஃபர்ஸானா