அரைச் சுற்று

ஸ்டியரிங்கை விடாதீங்க தருண் தம்பி! பாத்தீங்களா, எடது பக்கமே இழுக்குது. ஆளந்தி ரோட்டுக்குப் போகணும்னா சாய்க் கடைக்குள்ள கொண்டு விட்டுரும். மெதுவா… மெதுவா…

காரை வாங்க வந்தவர்கிட்ட இதெல்லாம் சொல்லக் கூடாதுதான். சரசா கூட வந்திருந்தா கிள்ளியிருப்பா. அவதான் வித்தே ஆகணும்னு நிக்கிறா. ஞாயித்துக்கெழமைக்குள்ள போகலேன்னா பழைய இரும்பு வாங்குற பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுருவாளாம். பொண்டாட்டியா அவ!

என்ன? வண்டியை இவ்ளோ தாழ எறக்குனது யாரா? நான்தான். ஸ்பிரிங்கை மாத்தித் தரையோட தரையா எறக்குனேன். அழகுன்னா அழகு! ஆனா பின்சக்கரம் ரெண்டும் மேல உள்பக்கமாச் சாஞ்சிருச்சு. டயர் உள்ஓரம் வழுக்கை. பின்னாடி அலைன்மென்ட் மாத்த வழியே கெடையாது இந்த வண்டியில. அப்புறம் போபோடி மெக்கானிக் மனோஜ்தான் நீளத்தைக் கூட்டிக் கொறைக்கிற மாதிரி ராடு போட்டான். சக்கரத்துக்குப் பின்னால கையை விட்டா நட்டு. அரைச் சுத்து திருப்புனாப் போதும், நேரா போற கார் நண்டாயிரும்.

ஐயையோ, ஸ்பீடு பிரேக்கர்! நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன். அடி தட்டும்… ம், வாங்க… வாங்க… அவ்ளோதான். எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி கேட்டுல குடும்பமே எறங்கித்தான் ஏறும். என் மாமியார் அதுவரைக்கும் ஒக்கார வாட்ச்மேன் ஸ்டூலே வெச்சிருக்கான்.

மாமியார்னதும் ஞாபகம் வருது. வழக்கமா ஏறுறவங்க வெயிட்டோட அலைன்மென்ட் பண்ணணும்னான் மனோஜ். வழக்கமா ஏறுறது யாரு? வேதநாயகி அம்மாதான். பின்சீட்டு, எடது பக்கம். அவங்களை ஒக்கார வெச்சே அளவெடுத்தோம். இப்ப அவங்க ஏறுனாத்தான் நேரா ஓடுது! சிரிக்காதீங்க. உங்க மாமியார் எப்படி, கொஞ்சம் கனமா? …கல்யாணமே ஆகலையா? அடடா.

வீடு வந்திருச்சு, உள்ளயே விடுங்க. ஆங், அங்கதான். என்ன, சாவியைக் குடுக்கிறீங்க? யோசிச்சுச் சொல்றீங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. ஒரு காப்பி… ரிக்‌ஷா அந்தப் பக்கம் கெடைக்கும் தம்பி! ஏன் ஓடுறீங்க?

சரசா! பால்கனியிலேருந்து கத்தாதே. அவருக்குப் பிடிக்கல, நான் என்ன பண்ண? சத்தியமா ஒண்ணும் சொல்லல. உங்கம்மாவைப் பத்திக்கூட பெருமையாத்தான் பேசுனேன்.

பால்கனிக் கதவு சாத்தப்பட்டதும் சரசாவின் கணவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேனரை விட்டு, நட்டை அரைச் சுற்று பின்னோக்கித் திருப்பி, சாக்பீஸ் கோடு போட்டிருந்த பழைய இடத்தில் நிறுத்தினார்.