இரண்டாவது பெட்டி

பிரான்சிஸ்கா ரீச்சர், தொலைபேசியில் என் குரல் நேரில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். தபால் கந்தோரில் முப்பத்தாறு வருஷம் மாஸ்டராக இருந்தபோது, நான் ஹலோ சொன்னால் கடலில் போகிற திருக்கைகூட நின்று திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவனும் நான்தான்.

சங்கத் தலைவி என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுபத்திரண்டு வயதில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பது பெரிய வேலை. களைத்துப் போனேன். எழுதிவிடுகிறேன்.

பென்ஷன் எடுத்த மறுமாதமே மீனவர் குடும்ப நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினீர்கள். ஒரு கைத்தொலைபேசியும் நூற்று நாற்பத்தாறு அங்கத்தவர்களின் பட்டியலும் தந்தீர்கள். பசித்தவனிடம் புரியாணிச் சட்டியைக் கொடுத்த மாதிரித்தான். மண்டபத்துக் கூரைக்குக் கேட்டேன். திருவிழாச் சீட்டுக்குக் கேட்டேன். இரத்ததானத்துக்குக் கேட்டேன். ஒரு மனிதர் ஒரே அழைப்பில் இரண்டு தகரமும் ஒரு போத்தல் இரத்தமும் தர ஒத்துக்கொண்டார். என் குரலைக் கேட்டால் கோழிகூட முட்டையைக் கொண்டுவந்து தந்துவிடும் என்று நான் நம்பிய காலம் அது.

அங்கத்தவர் சாள்ஸ் வீட்டுக்கு ஒரே மாதத்தில் பதினொரு தடவை தொலைபேசி எடுத்தது உண்மை.

வருடாந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் காதில் வைத்துக்கொண்டு என் குரலில் பேசினார்.

“ஹலோ, சாள்சா? மாஸ்டர் கதைக்கிறன். நீர் செத்துப் போனீரோ? பரவாயில்ல, பெட்டியில ஏற முந்தி கூரைக்கு ஒரு தகரம் தந்திட்டுப் போம்.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், ரீச்சர். நானும் சிரித்தேன். நல்ல நடிப்பு. என் குரல் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கே விதிகள் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. எழுதியவன் நான். குறை சொல்ல முடியாத விதிகள். காலை ஆறுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் யாரையும் அழைக்கக் கூடாது. உதவி கேட்டு ஒருவரை மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் அழைக்கக் கூடாது. பட்டியலை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. இதை நான் காப்பாற்றியிருக்கிறேன்; சிலாபத்திலிருந்து வந்த காப்புறுதி முகவர் ஒருவர் என்னைவிட நீளமான அறுக்குளா மீனைக் கொண்டுவந்து காட்டியும் பட்டியலைக் கொடுக்கவில்லை. நாலாவது, புயல் எச்சரிக்கையைச் செயலாளர் மட்டுமே சொல்ல வேண்டும். யாரோ கிளப்பிய பொய்க் கதையால் முந்திய வருஷம் எல்லா வள்ளமும் வெறுமனே கரை திரும்பியதே, அதற்காக. ஐந்தாவது, சாவு நடந்த வீட்டை முப்பத்தோராம் நாள் முடியும்வரை உதவி கேட்டு அழைக்கக் கூடாது.

ஆறாவதுதான் படிவம். அதில் இரண்டு பெட்டிகள். முதற்பெட்டியில் கோடு போட்டால், உதவி கேட்டு அழைக்க வேண்டாம் என்று அர்த்தம். இரண்டாவதில் போட்டால், எந்த விஷயத்துக்கும் அழைக்க வேண்டாம்.

விதிகள் வந்தபின் தொலைபேசி மேசையில் சும்மா கிடந்தது. நான் அதை ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்தேன்.

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்று இருபதுக்கு எச்சரிக்கை வந்தது. பொழுதுபடக் கடும் காற்று, ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது. பட்டியலை எடுத்தேன். நம் வழக்கப்படி ஒவ்வொருவர் வாயாலும் “ஓம், கேட்டது” என்று கேட்ட பிறகே பெயருக்கு நேரே புள்ளி வைத்தேன். எதிரே உள்ள தீவில் மீன்வாடி அடித்துத் தங்கியிருந்தவர்களுக்கு முதலில் எடுத்தேன். அங்கே ஓலைக் கொட்டில்களுக்கு வெளியே கம்பு நட்டு, சிக்னல் பிடிக்கிற உயரத்தில் தொலைபேசியைப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். மின்சாரம் இல்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று வீட்டார் வீணாக எடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்தது. நூற்று நாற்பத்தைந்து பேர் நான் சொன்னதைக் கேட்டார்கள். இரண்டு ஐம்பதுக்கு முடித்தேன். சாள்ஸின் பெயருக்கு நேரே மட்டும் புள்ளி இல்லை.

மூன்று பத்துக்கு அமல்ராஜ் எடுத்தான். தீவில் சாள்ஸின் வாடிக்குப் பக்கத்து வாடி அவனுடையது. என் அழைப்புக் கேட்டவுடனே புறப்பட்டு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தான்.

“மாஸ்டர், சாள்ஸ் மச்சான் அந்தப் பக்கக் கரையில நிண்டவர், நான் காணேல்ல. அவருக்கும் சொல்லியாச்சோ?”

“எல்லாம் விதிப்படி நடந்திருக்கு.”

“அப்ப சரி. நான் எடுத்தா, ஆர் உன்னைச் செயலாளராக்கினது எண்டு பேசுவார்.”

“அதுவும் சரிதான்,” என்றேன்.

சாள்ஸ் வலை போடப் போவது நாலரைக்கு. அது எனக்குத் தெரியும். பதினொரு தடவை எடுத்தவனுக்கு அவர் எப்போது வீட்டில் இருப்பார், எப்போது கடலில் இருப்பார் என்று தெரியாமலா இருக்கும்? பிளேன்டீ போட்டுக் குடித்தேன். தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு நாலரை வரை இருந்தேன். அவராக எடுத்து, “என்ன மாஸ்டர், வானம் கறுக்குது, ஒண்டும் சொல்லேல்லையே” என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். கேட்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். நனைந்து, பயந்து, ஒரு வலையை இழந்து வந்து, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று “எனக்கு மட்டும் ஏன் எடுக்கேல்ல” என்று அவர் கேட்பதாக மனதில் பார்த்து வைத்திருந்தேன். பதிலும் தயார். படிவத்தைக் காட்டுவது.

வள்ளம் வெள்ளிக்கிழமை கரையொதுங்கியது. சாள்ஸ் வரவில்லை.

அவருடைய மனைவி மெரினா என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“அமல்ராஜின்ர மனுசி காத்து வருகுது எண்டு சொன்னவ, மாஸ்டர். நான் இவருக்கு எடுக்க எண்டு போனைக் கையில எடுத்தனான். பிறகு, மாஸ்டர் எடுத்திருப்பார்தானே எண்டு வச்சிட்டன்.”

நான் படிவத்தைக் காட்டினேன். இரண்டு பெட்டியிலும் கோடு. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“இத அவர் எனக்கு முன்னால இருந்துதான் நிரப்பினவர். வள்ளத்துப் பலகையில அடையாளம் போடுற பென்சிலால. ஒரு கோடுதான் போட்டவர். மற்றது வேண்டாம், காத்துக் கடலுக்கு மாஸ்டர்தானே சொல்ல வேணும் எண்டு சொன்னவர்.”

இரண்டாவது கோடு நீல மை. அதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், ரீச்சர்.

அது என் கோடு. படிவம் வந்த காலத்தில் போட்டதல்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை, இரண்டு ஐம்பதுக்கும் மூன்று பத்துக்கும் இடையில் போட்டது. நூற்று நாற்பத்தைந்து பேருக்குச் சொல்லிவிட்டு ஒருவரைக் காரணமில்லாமல் விடுவது விதிக்கு முரண். விதியை எழுதியவனே அதை மீறினான் என்று இருக்கக் கூடாது. அதனால் அலுமாரியைத் திறந்து, படிவத்தை எடுத்து, கோட்டைப் போட்டு, மை காயும்வரை ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பட்டியலையும் தொலைபேசியையும் இத்துடன் அனுப்புகிறேன். பேட்டரி முழுதாக ஏற்றியிருக்கிறது. புதிய செயலாளரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: மெரினா வீட்டை முப்பத்தோராம் நாள் முடியும்வரை கூரைக்கென்று கேட்டு யாரும் அழைக்கக் கூடாது. அந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பானவன்.