ஹெட்போனில் ஒரு மயிரிழை

இசைத்தட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. ஆனால் எங்கள் தட்டு இரண்டாம் பதிப்புக்குப் போகிறது, அது உருவான கதையை நாலு வரி எழுதிக் கொடு என்று முதலாளி கேட்டுவிட்டார். ஒரு வாரமாகத் தலைகால் புரியாமல் திரிகிற மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது.

எங்களுடையது நாலு பேர் கம்பெனி. முதலாளி, பாடுகிற என் தங்கை, கிட்டார் வாசிக்கிற அவள் கணவர், ஒலிப்பதிவு செய்கிற நான். ஸ்டுடியோ ஒரு வெல்டிங் பட்டறையின் மாடியில் இருக்கிறது. பத்து மணிக்குப் பட்டறை திறந்துவிடும் என்பதால் காலை ஆறுக்கே பதிவைத் தொடங்குவோம். அந்த நேரத்தில் மனுஷனுக்குத் தொண்டையே திறக்காது. என் தங்கைக்குத் திறக்கும்.

அதுதான் தொல்லை. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். பாப்பா ஆணி அடித்த மாதிரி சுருதியில் நிற்பாள். நாங்கள் எடுத்துக்கொண்டதோ நாட்டுப்பாட்டுகள். பிரிவு, பசி, சாவு என்று ஏழு பாட்டு. அவள் பாடினால் ஏழும் இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டைகளாகிவிடும். குறை சொல்லவும் முடியாது, கேட்கவும் முடியாது.

முதல் பாட்டை எடுத்த அன்று ஒரு தவறு செய்தேன். முந்தின நாள் வந்த கத்துக்குட்டிப் பாடகருக்காகக் குரலின் சுருதியை மயிரிழை ஏற்றித் தரும் அமைப்பு ஒன்றைப் போட்டிருந்தேன். அதை அணைக்க மறந்துவிட்டேன். பதிவுக்கு அது போகவில்லை, பாப்பாவின் ஹெட்போனுக்கு மட்டும் போயிற்று. தன் குரல் ஏறிவிட்டது என்று நினைத்து அவள் இறக்கினாள். இறக்கியதும் வேறெங்கோ இடித்தது, மறுபடி மேலே தேடினாள். தெரியாத வீட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு வரியையும் தடவித் தடவிப் பாடினாள்.

பாட்டு முடிந்தபோது முதலாளி குதித்த குதியில் தலை கூரையில் இடித்தது. மாப்பிள்ளை கிட்டாரை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒயர்களை மிதித்துக்கொண்டு ஆடினோம். பாப்பா மட்டும் ஹெட்போனைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணைக்க மறந்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் மறக்கவில்லை.

இரண்டாவது பாட்டில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மூன்றாவதில் ஏற்றினேன், இறக்கினேன், பாதியில் மாற்றினேன். அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. காலையில் விசிலடித்துக்கொண்டே மாடி ஏறுவேன்.

"அண்ணா, நான் சுருதி விலகுறேன், இல்ல?" என்று பாப்பா கேட்டாள்.

"நீயே ஸ்பீக்கர்ல கேளு" என்று போட்டுக் காட்டினேன். விலகியிருந்தது. நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது பாட்டுக்குள் அவள் மகளைத் தூங்க வைக்கப் பாடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். காது டாக்டரிடம் போய் வந்தாள். "காது சுத்தமா இருக்காம்ணா. அப்ப தொண்டைதான்" என்றாள். காது சுத்தமாக இருப்பது நல்ல விஷயம்தானே என்றேன். ஆறாவது பாட்டில் என் அமைப்பு தேவையே படவில்லை. பழக்கதோஷத்தில் போட்டு வைத்தேன். அணைத்தாலும் அவள் குரல் தானாகவே தடவியது.

தொண்டை டாக்டர் ஒரு சின்ன வீக்கம் இருப்பதாகச் சொன்னார். பாடுகிறவர்கள் பலருக்கும் இருக்கும், விட்டுவிடலாம், வேண்டுமானால் எடுத்தும்விடலாம், எடுத்தால் குரல் மாறலாம் என்றாராம். பாப்பா படியில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"தினமும் என் குரலை கேக்குறவன் நீதான். நீ வேண்டாம்னு சொன்னா நான் ஆபரேஷன் செஞ்சுக்க மாட்டேன்."

நான் நிதானமாக யோசித்தேன். இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருந்தது. கத்திக்குப் போகிறோம் என்று தெரிந்த குரல் எப்படி இருக்கும் என்று நினைத்ததுமே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னா வியாழக்கிழமையே ஏழாவது பாட்டை எடுத்துடலாம்" என்றேன்.

அந்த ஏழாவது பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு கிட்டார் கம்பி அறுவது கேட்கும். மாப்பிள்ளை வாசிப்பை நிறுத்தவில்லை. முதலாளி ஒரே நேரத்தில் சிரித்தார், அழுதார். நான் ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாப்பாவுக்குப் பேச்சு வெறும் மூச்சாகத்தான் வருகிறது. அவள் மகள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள், கெட்டிக்காரி.

இரண்டாம் பதிப்புக்காகப் பழைய கோப்புகளைத் திறந்த மாப்பிள்ளை, ஆறு பாட்டிலும் தேதியோடு பதிந்திருந்த அந்த அமைப்பைப் பார்த்துவிட்டார்.

"மச்சான், இது என்ன?"

நான் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது பாட்டைப் போட்டு, எங்கெல்லாம் மாற்றினேன் என்று விரலால் தொட்டும் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவர் வீட்டில் என்ன சொன்னாரோ தெரியாது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அட்டையில் இடம் போதாவிட்டால் முதலாளி சுருக்கிக்கொள்ளட்டும். ஆனால் என் தங்கையின் குரலை அழித்தது வீக்கமுமில்லை, டாக்டருமில்லை, நான்தான் என்ற வரியை மட்டும் வெட்ட வேண்டாம். அந்த உழைப்பு என்னுடையது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மூச்சுக் குரலிலும் ஒரு அழகு இருக்கிறது. அதற்கென்றே ஒரு நல்ல மைக் வாங்கி நேற்று அவள் கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். பாப்பா அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். பரவாயில்லை, காத்திருக்கிறேன். பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொல்லி என் தங்கையை நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.