கடல் பக்கம் வெள்ளை, வீட்டுப் பக்கம் பச்சை

அவைத் தலைவர் ஷிராதோ அவர்களே! பனிக்கும் புயலுக்கும் பணியாத இத்தீவின் பெரியோர்களே! கணவாய் மீனைக் காயப்போட்ட கையோடு ஓடிவந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! வணங்குகிறேன்.

என் கையில் தாள் இல்லை. இருந்தாலும் படிக்கத் தெரியாது. கண்டதைச் சொல்கிறேன்.

அதோ, கண்காட்சி மேசைமேல், சுவரை ஒட்டி ஒரு தட்டையான தொட்டி. அதில் ஊசியிலை ஒன்கோ மரங்களால் ஆன குட்டிக் காடு. ஹிசானோ அம்மாவின் காடு. "சுவரோரம்தான் இருக்கும்னா வீட்டுக்கே தூக்கிட்டுப் போறேன்" என்று வாசலிலே நிற்கிறார் அவர். தொட்டிக்கு முகம் ஒன்றுதான், முதுகு சுவருக்கு என்கிறது நம் போன்சாய்ச் சங்க விதி. யார் பக்கம் நியாயம்?

கடல்முனையில் சாலை வெட்ட ஆட்கள் வந்தபோது, அனுமதி வாங்கி அந்தக் குட்டை மரங்களைத் தோண்டியவர் அவர் கணவர், மீனவர் கியோமாட்சு. கடலைப் பார்த்த கிளைகளில் சிவப்புத் துணி கட்டினார். பெட்டிகளில் வைத்து வேர் பிடிக்கக் காத்திருந்தார். வேர் பிடித்தது, நட அவர் இல்லை. நினைவு நாளுக்குள் நட்டுத் தரும்படி ஹிசானோ கேட்டார். சங்கத்திலிருந்து சிலர் போனோம்.

போனதும் நம் தோமாபெச்சி என்ன செய்தார்? துணிகளை அவிழ்த்தார்!

"ஏண்ணே அவுக்கறீங்க?" என்றார் ஹிசானோ.

"காட்டுல எவம்மா துணி காயப்போடுவான்?"

சிரிக்காதீர்கள், மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்!

உயர்ந்த மரத்தை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினோம். ஒன்றையொன்று மறைக்காமல் மற்றவற்றை வைத்தோம். பட்டை போய் வெளுத்த பக்கம்தானே அழகு? அதை முன்னால் திருப்பினோம். மரமெல்லாம் பின்னால் சாய்ந்தது! பார்ப்பவரை வணங்கி நிற்க வேண்டாமா? தோமாபெச்சி பாதியைத் திருப்பினார்.

ஹிசானோ எட்டி நின்று பார்த்தார். "ஏண்ணே, ஒரே காட்டுல எத்தனை பக்கம்தான் காத்தடிக்குது?"

"துணி இருந்தா கடல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கும்..." என்று இழுத்தார் தோமாபெச்சி.

"துணி எதுக்கு? உப்புக்காத்து பட்டையைத் தின்ன பக்கம்தான் கடல். எல்லாத்தையும் ஒரே பக்கமா வைங்க."

வைத்தோம். வேர்களைக் கம்பியால் தொட்டியோடு கட்டினோம். பச்சைப் பக்கம் நின்றவரை மரங்கள் வணங்கின. தோமாபெச்சிக்கோ மனம் ஆறவில்லை.

"வெள்ளையெல்லாம் பின்னால போச்சேம்மா!"

"பின்னாலயா? படகுல வர்ற மனுஷனுக்கு அதாண்ணே முன்னால! மூடுபனியில அந்த வெள்ளையைப் பாத்துத்தான் அவரு கரை சேருவாரு. நான் வீட்ல இருந்து பாத்தது பச்சை. கட்டிக்கிட்ட நாள்லேருந்து ஒரே காட்டை ரெண்டு பேரும் ரெண்டு பக்கமாத்தான் பாத்தோம்."

பெரியோர்களே! எது முகம், எது முதுகு? காத்திருந்த கண்ணுக்கு ஒரு முகம். கரை தேடிய கண்ணுக்கு ஒரு முகம். கியோமாட்சு பார்த்த முகத்தையா சுவருக்குக் காட்டுவது? விதி இருக்கட்டும், மேசையை மட்டும் கூடத்தின் நடுவே இழுத்துப் போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

என்ன அங்கே சத்தம்? தலைவர் எழுந்துவிட்டாரா? மேசையை அவரே பிடிக்கிறாரா! மறுமுனையில் யார்? தோமாபெச்சியா! மெதுவாக, ஐயா, பாசி உதிரும்.

ஹிசானோ அம்மா, உள்ளே வாருங்கள். தாய்மார்களே, கரையிலேயே காத்திருந்த நீங்கள் முதலில் வெள்ளைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆண்கள் பச்சைப் பக்கம் வரட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.