பழசு மாதிரியே ஒரு புதுசு

— மதுரையில படிச்ச பெருமைய மட்டும் பேசாத அடைக்கலம். நீ மதுரைக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனதே என் எடத்துல. லிஸ்ட்டுல மொதப் பேரு லீமாரோஸ். அத எடுத்துட்டு அடைக்கலமேரின்னு போட்டாங்க. அந்த லிஸ்ட்ட டைப் அடிச்சதும் நான்தான்டி. என் பேர எடுத்துட்டு உன் பேர என் கையாலயே அடிச்சேன்.

— லீமாக்கா, அதாவது, உங்க பையனுக்கு அப்ப மஞ்சக்காமாலை. நீங்களே லீவு எழுதிக் குடுத்தீங்க. என்னய அனுப்புனாங்க. சிம்பிள்.

— நாலு நாளு லீவு கேட்டேன். கோர்ஸு நடந்த ஆறு வாரமுமா கேட்டேன்?

— சரி, அத விடுங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சொன்ன சோலியப் பாப்போம். பழைய மெஷின் என்னென்ன செய்யுதோ அதெல்லாம் அப்படியே புது மெஷின் செய்யிற மாதிரி நான் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்கேன். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு நம்ம ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுக்கணும். புதுசு பாஸாயிருச்சுன்னா பழசு மலைக்குக் கீழ பாலசமுத்திரம் ஸ்கூலுக்குப் போயிரும்.

— நான் ஆபீசுக்கு டைப் அடிக்கப் போயிருவேன். அத மட்டும் முழுங்கிட்டயே.

— நீங்க டைப் நல்லா அடிப்பீங்கக்கா.

— ஆத்தாடி, சர்டிபிகேட் குடுக்க வந்துட்டா! ஏன்டி, எண்பத்திரண்டுல பெல்ஜியம் சிஸ்டர் அந்த மெஷினப் பெட்டியிலருந்து எடுத்தப்ப எவளாச்சும் கிட்ட வந்தாளா? டிவியில சொருகணும். டேப் ரிக்கார்டர்ல கேசட்டப் போட்டு ப்ரோக்ராம ஏத்தணும். அஞ்சு நிமிசம் கீச்சு கீச்சுன்னு கத்தும். எல்லாவளும் காதப் பொத்திக்கிட்டு ஓடுனாளுக. நான் ஒருத்திதான் ஒக்காந்தேன். கட்டம் போட்ட நோட்டுல புள்ளி புள்ளியா வச்சு அதுக்குத் தமிழு சொல்லிக் குடுத்தேன். மொத மொதல்ல டிவியில 'அ' வந்தப்ப பெல்ஜியம் சிஸ்டரு அழுதுட்டாங்க, தெரியுமா?

— தெரியும்க்கா. வாரத்துக்கு ஒருக்க சொல்றீங்க.

— வெள்ளகவிக் குதிரை யாரு செஞ்சது? அதச் சொல்லு.

— நீங்கதான். டிவியில கணக்கு வரும். சரியாப் போட்டா மூட்டை சுமக்கிற குதிரை வெள்ளகவி ஊரு மலைப்பாதையில ஒரு படி ஏறும். தப்பாப் போட்டா ஒரு படி எறங்கும். உச்சிக்கு வந்தா கோயில் மணி அடிக்கும். இந்த ஸ்கூல்ல வாய்ப்பாடு தெரியாத புள்ளைக்குக்கூட அந்தக் குதிரையத் தெரியும். உங்களக் கம்ப்யூட்டர் மிஸ்னு கூப்பிடுறாங்க. என்னய என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா?

— என்னன்னு?

— செருப்பு மிஸ்.

— பின்ன? இந்தக் குளிருல வாசல்லயே செருப்பக் கழட்டச் சொல்லி, புள்ளைகள வெறுங்காலோட சிமெண்ட் தரையில நிக்க வச்சா, வேற என்னன்னு கூப்பிடுவாங்களாம்?

— புது மெஷினுக்குத் தூசி ஆகாதுக்கா. கோர்ஸுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

— என் மெஷின் மேல காபி கொட்டியிருக்கு. ஜன்னலத் தொறந்தா மேகம் உள்ள வந்து அது மேலயே படுத்துக் கெடக்கும். ஒரு நாளு சொணங்குனதில்ல. சீமைச் சீக்கெல்லாம் உன் மெஷினுக்குத்தான்.

— சரிக்கா. பியூன் உபகாரண்ணன் கம்ப்யூட்டர் ரூம்ல வெள்ளனே வந்து காத்துக்கிட்டிருக்காரு. எப்படின்னு ஒருக்க சொல்லிர்றேன், அப்புறம் சண்ட வேணாம். நான் பட்டன அமுக்குனா ஏமாத்துறேம்பீங்க. நீங்க அமுக்குனா நானும் அதத்தான் சொல்லுவேன். அதான் அவர அமுக்கச் சொல்லிட்டாங்க சிஸ்டர். அவரு அங்க, நம்ம இங்க ஸ்டாப் ரூம்ல டிவி முன்னாடி. ஒயர் இந்தச் செவுத்து ஓட்டை வழியா வருது. மொதல்ல பழசு. அப்புறம் ஒயர மாத்திப் புதுசு. ரெண்டுலயும் வெள்ளகவிக் குதிரைதான். முடியிற வரைக்கும் நம்ம அங்க போகக் கூடாது, அவரும் வாயத் தொறக்கக் கூடாது.

— வாயத் தொறக்கக் கூடாதுன்னு சிஸ்டரா சொன்னாங்க?

— நான்தான் சொன்னேன். அவரு உங்க ஆளு. கேசட்டுக்குள்ள பென்சில விட்டுச் சுத்திச் சுத்தி உங்களுக்கு ஆறு வருசமாச் சேவகம் பண்றவரு. அங்கருந்தே உங்களுக்கு எதாச்சும் எடுத்துக் குடுப்பாரு.

— சேசுவே, என்ன சந்தேகம்டி உனக்கு!

— உபகாரண்ணே! ஆரம்பிங்க! பேசாதீங்க, ரெடின்னா செவுத்துல ஒரு தட்டுத் தட்டுங்க, போதும்!

— தட்டிட்டாரு. தள்ளு, நான் டிவியப் போடுறேன்... வந்துட்டான்! வந்துட்டான் பாரு என் ராசா!

— இதுக்குப் பேரு குதிரையாக்கா? ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு.

— வாலப் பாரு, வாலப் பாரு. ஏறுறதுக்கு முன்னாடி வால ஒரு ஆட்டு ஆட்டும். அந்த ஆட்டத்துக்காக ரெண்டு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம ஒக்காந்தேன். சாமியாரு வீடு தேடி வந்துட்டாரு.

— அது வாலாட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வருது. கலரப் பாருங்க, சாயம் போன பாவாடை. ஓரமெல்லாம் நெளியுது.

— அது மேகம்டி. கொடைக்கானல்ல மேகம் நெளியாம வெறைச்சுக்கிட்டா நிக்கும்?

— ஆறேழு நாப்பத்திரண்டு. உபகாரண்ணன் சரியாத்தான் போடுறாரு.

— ஏறுறான், ஏறுறான்... இன்னும் ஒரு படி... மணி! கேட்டியா அடைக்கலம்? எவ்வளவு பதமா அடிக்குது பாரு. எத்தன தடவ கேட்டாலும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகுது.

— எனக்குக் காது வலிக்குது. சரி, டிவிய அமத்துங்க. அவரு ஒயர மாத்தட்டும்.

— என்ன இவ்வளவு நேரம் மாத்துறாரு?

— புது மெஷின்க்கா. பதனமாத்தான் தொடணும்.

— அடைக்கலம், ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. இந்த ப்ரோக்ராம எழுதுறதுக்கு என் நோட்ட எடுத்தியா?

— எடுத்தேன். உங்க பீரோவுலருந்துதான் எடுத்தேன். பழைய மெஷின் எந்தெந்த எடத்துல தெணறும், எங்க ஒரு நொடி நின்னு போகும், அதெல்லாம் தெரிஞ்சாத்தான் புதுசையும் அங்கங்க தெணற வைக்க முடியும். அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உங்க நோட்டுல மட்டும்தான் இருந்துச்சு.

— எங்கிட்டக் கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டேனா?

— குடுக்க மாட்டீங்க.

— குடுக்க மாட்டேன்தான். சொல்லிர்றேன், இங்க வேற யாரு இருக்கா. பொறாமைதான்டி எனக்கு. நீ அந்த ரூமுக்குள்ள போறப்பல்லாம் வயிறு எரியுது. ஆறு வருசம் நான் முட்டி மோதிக் கண்டுபிடிச்சத நீ மூணு மாசத்துல ஒரு பிளாப்பிக்குள்ள போட்டுக்கிட்டுத் திரியிற. நான் சோறு திங்கும்போதுகூட அந்த நெனப்புத்தான்.

— எனக்கு மட்டும் எரியலையா? அதே குதிரைய என் மெஷின்ல ஓட்டிக் காமிச்சா, லீமா மிஸ் குதிரை இங்கயும் வந்துருச்சுன்னு கத்துதுங்க. நான் என்ன செஞ்சாலும் லீமா மிஸ்ஸுதுதான். அந்தப் பழசு மலைய விட்டு எறங்குனாத்தான்க்கா எனக்கு நிம்மதி.

— நான் எறங்குனா, அப்படிச் சொல்லு.

— அப்படியே வச்சுக்கங்க.

— தட்டிட்டாரு. போடு உன் டிவிய, பாப்போம் உன் மகராசன.

— ஆங்! இப்பப் பாருங்க! கலரு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு. கண்ணக் கழுவி விட்ட மாதிரி இல்ல?

— பளிச்சுன்னு இருந்தாப் போதுமா? பொம்மைக் கடையில வச்ச மரக்குதிரை. உசுரு இருக்கா அதுல?

— வால் ஆடுச்சே! அதே வால்.

— இதுவா ஆட்டம்? ஈ ஓட்டுது. என் குதிரை ஆட்டுறப்ப ஒரு நளினம் இருக்கும். இது வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டுது.

— வேகம்க்கா அது. பழசு மூச்சு வாங்கிக்கிட்டே ஏறுச்சு. இது சிட்டாப் போகுது.

— எங்க போகுது? அந்தா, அந்த வளைவுல நின்னுருச்சு பாரு.

— அதுதான்க்கா என் சாமர்த்தியமே! பழசு அந்த எடத்துல நிக்கும்னு எழுதி வச்சிருந்தீங்கள்ல? இதையும் நிக்க வச்சேன். அச்சு அசலு!

— என்னோடது யோசிக்கிறதுக்காக நிக்கும். இது வழி தெரியாம நிக்குது. ரெண்டும் ஒண்ணா? அந்த 'அ'வப் பாரு, கொமட்டுல குத்து வாங்குன மாதிரி வீங்கிக் கெடக்கு. நானா அப்படி எழுதுனேன்?

— மணியாச்சும் கேளுங்க. எவ்வளவு சுத்தமா அடிக்குது.

— ஈயப் போணி உருண்ட மாதிரி இருக்கு. போதும், அமத்து. இந்தக் கர்மத்தப் பாத்தா என் புள்ளைகளுக்கு வந்த கணக்கும் மறந்து போகும்.

— அப்ப எழுதுங்க. நானும் எழுதுறேன்.

— எழுதாம விடுவேனா? ரெண்டாவதா ஓடுனதுல ஏழு குத்தம். ஒண்ணு, வால் சரியில்ல. ரெண்டு, வளைவுல நிக்குது. மூணு, எழுத்து வீக்கம். நாலு, மணிச் சத்தம் நாராசம். அஞ்சு...

— மெதுவாச் சொல்லிக்கிட்டு எழுதுங்க, எனக்குக் கை ஓட மாட்டேங்குது. நான் என்ன எழுதுறேன்னா, மொதல்ல ஓடுனது செத்த மெஷின், புள்ளைங்க கண்ணுக்குக் கெடுதல். ரெண்டாவது பத்து மடங்கு மேல.

— பத்து மடங்கா? நான் கீழ இதையும் சேத்துக்கறேன். இந்த ஏழுல ஒண்ணு பொய்யாப் போனாலும், யாரும் சொல்ல வேணாம், நானே எந்திருச்சு ஆபீசுக்கு டைப் அடிக்கப் போயிர்றேன். இப்படிக்கு லீமாரோஸ். தேதி போட்டாச்சு.

— நானும் போடுறேன். பத்து மடங்கு இல்லன்னா, மதுரையில வாங்குன சர்டிபிகேட்டச் சிஸ்டர் மேசையிலயே வச்சிர்றேன். இப்படிக்கு அடைக்கலமேரி.

— குடு இங்க, ரெண்டையும் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். நீ கொண்டு போனா வழியில எதாச்சும் திருத்துவ.

— எதுத்த ரூம் வரைக்கும்கூட என்னய நம்ப மாட்டீங்களா? போங்க, போயிட்டு வெரசா வாங்க.

— குடுத்தாச்சு. சிஸ்டரு நிக்க வச்சே படிச்சாங்க. ரெண்டு பேரும் இவ்வளவு உறுதியா எழுதுனதுல ரொம்பச் சந்தோசமாம். பெல் அடிச்சதும் டீச்சருக எல்லாரையும் கூட்டி வச்சு ரெண்டையும் வாசிச்சுட்டு, அங்கயே முடிவு சொல்லிர்றாங்களாம்.

— வாசிக்கட்டும். எனக்கென்ன பயம்?

— எனக்கு மட்டும் என்ன? கண்ணால பாத்தத எழுதியிருக்கேன். அந்தா, பெல்லும் அடிச்சிருச்சு. அந்த மனுசன வெளிய கூப்பிடு, பாவம்.

— உபகாரண்ணே! வாங்க, முடிஞ்சுருச்சு. இனிமே வாயத் தொறக்கலாம்.

— அப்பாடா! வாய மூடிக்கிட்டு ஒரு சோலி பாக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரியுது, பாத்துக்கங்க.

— நல்லா ஓட்டுனீங்கண்ணே. ஒரு கணக்குக்கூடத் தப்பல.

— அடைக்கலம் டீச்சர், கோவிச்சுக்காதீங்க. யாரும் தொட்டுறக் கூடாதுன்னு புது மெஷினப் பூட்டிச் சாவியக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டீங்க, பேசவும் கூடாதுன்னுட்டீங்க, அதான் பாத்துக்கங்க, ரெண்டு வாட்டியும் லீமா டீச்சரோட பழசையே ஓட்டி விட்டேன்.